ஆயுத பூஜைக்குக் கழுவிய கரி

மெஷின் வேலை தெரிந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. எனக்கு அது ரொம்ப முற்றிய நிலை. திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், வேறெப்படி இருப்பேன்?

என் தங்கை மலர்விழி அப்போது விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பென்சில் கரியை இரும்புக் குண்டுகளோடு ஜாடியில் போட்டு, ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி, எண்பது மணி நேரம் அரைக்க வேண்டும். கரி உடைய உடைய அதற்குள் வாயு போய் ஒட்டிக்கொள்ளுமாம். ஒருநாள் அதை வைத்து வண்டி ஓட்டலாம் என்பாள். (நான் தலையாட்டுவேன். புரிந்தது தலையாட்ட மட்டும்தான்.) அந்த ஜாடியை என் லேத்தில் கடைந்து கொடுத்தது மட்டும் நான்.

அரைத்த தூளைச் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் சோதிக்க அவளுக்கு ஒரே ஒரு நாள் கிடைத்திருந்தது, ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை ஆறு மாதம் கழித்துத்தான். அதற்குள் அவளுடைய ஆய்வுக் காலமே முடிந்துவிடும்.

ஆயுத பூஜை வந்தது. நான் கடைந்த ஜாடிக்குப் பொட்டு வைக்காமல் என்ன பூஜை? பொரி, பூசணிக்காய், சந்தனத்தோடு விழுப்புரத்தில் அவள் கல்லூரி ஆய்வகத்தில் போய் இறங்கினேன். மலர் குளிக்க விடுதிக்குப் போயிருந்தாள். வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும் என்பதால் கதவைத் திறந்துவிட்டார். மெஷின் நின்றிருந்தது. (சூடு ஆறுவதற்காக நின்றிருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?) சரி, வேலை முடிந்து தூளை எடுத்துவிட்டாள் போல என்று ஜாடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்றது. உள்ளே சுவரெல்லாம் கருப்பாக ஒரே அப்பல். ஐயோ பாவம், படிக்கிற பிள்ளை, கழுவ நேரமில்லை போலிருக்கிறது என்று தோன்றியது. குழாயடியில் வைத்து, நாரைப் போட்டுத் தேய்த்து, முகம் தெரியும்படி கழுவி, குங்குமமும் வைத்தேன். வாட்ச்மேன் தீப்பெட்டி வாங்கப் போயிருந்தார்.

மலர் உள்ளே வந்தாள். ஜாடியைப் பார்த்தாள், என் கையிலிருந்த கற்பூரத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, கற்பூரம் ஏத்துனியா?"

"இல்லம்மா, தீப்பெட்டிக்குத்தான் வெயிட் பண்ணிக்கினு இருக்கேன்."

கற்பூரத்தைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்தாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"உள்ள இருந்தது ஹைட்ரஜன்ணா. நெருப்பு பட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்? நீ உசுரோட இருக்க, அது போதும்." பிறகு மெதுவாக, "தூளு எங்க?" என்றாள்.

நான் குழாயைக் காட்டினேன். எண்பது மணி நேரமும் அந்தச் சாக்கடைக்குள் போயிருந்தது.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அலமாரியைத் திறந்தாள். இருபது, நாற்பது, அறுபது மணி நேரம் முடிந்தபோதெல்லாம் காற்றுப் படாமல் ஒவ்வொரு புட்டியில் கொஞ்சம் தூள் எடுத்து வைத்திருந்தாள். "இத வச்சே போறேன், உடு" என்றாள். அந்த நிமிஷம் என் தங்கையை நினைத்துப் பெருமைப்பட்டேன். வெட்கம் அதற்கு மேல். அவளாக இருந்ததால் பிழைத்தேன். நானாக இருந்தால் என்னையே பூசணிக்காயாக உடைத்திருப்பேன்.

சென்னைக்குப் போனாள், சோதித்தாள், ஆய்வேட்டை எழுதி முடித்தாள். வாய்மொழித் தேர்வுக்குக் குடும்பத்தோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் திரையிலிருந்த வரைபடத்தைக் காட்டி, "கோடு நல்லா ஏறிக்கிட்டே போகுது. அறுபதுலயே ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

நான் நாற்காலிக்கு அடியில் இடம் தேடினேன்.

"எண்பத எங்க அண்ணன் கழுவிட்டாருங்க, சார்" என்றாள் மலர். அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, "அந்த ஜாடிய செஞ்சி கொடுத்ததும் அவருதாங்க. அது இல்லன்னா கோடே இல்ல" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதேன், ஒளிப்பானேன்.

அவள் இப்போது டாக்டர் மலர்விழி. எங்கள் வீட்டிலோ கல்யாணப் பேச்சு நின்றாலும் சரி, மாடிக் கட்டடம் நின்றாலும் சரி, யாரும் காரணம் கேட்பதில்லை. "அறுபதுல நின்னுடுச்சி" என்று சொல்லிவிட்டு எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.