படப்புக்குள் அனஸ் பாய்

"தம்பி, இன்னைக்கும் மொதல்ல என்னையத்தான் புடிச்சா."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனில் பேசிய அனஸ் பாயின் குரலில் கோபமே இல்லை. அதுதான் ஜோயலுக்குக் கலக்கமாக இருந்தது. கோபப்படுகிற ஆள் நாளைக்கும் விளையாட வருவார். இப்படி அமைதியாகப் பேசுகிறவர் வரமாட்டார்.

ராஜபாளையத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில், ஜோயலும் அவன் அக்கா பொன்மணியும் செல்போனில் விளையாடும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் 'ஐஸ்பாய்'. ஒரு கிராமம். ஒருவர் தேட வேண்டும், மற்றவர்கள் ஒளிய வேண்டும். வைக்கோல் படப்பு, கிணறு, பஞ்சு மூட்டை அடுக்கிய குடோன் எல்லாம் பொன்மணி வரைந்தவை. அவற்றுக்கு உயிர் கொடுப்பது ஜோயலின் வேலை. வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் கேமை அவர்களே எடுத்து வெளியிடுவார்கள். இல்லையென்றால் ஜோயல் சென்னைக்குப் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

அனஸ் பாய்க்குச் செருப்புக்கடை. விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் சேர்த்துக் கொடுத்ததே அவர்தான். கடைவீதிக்காரர்கள், அவர்களுடைய சொந்தபந்தம், கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே இருந்தது. அவர் விலகினால் கூட்டமும் கலைந்துவிடும்.

"யாரு பாய் புடிச்சது?"

"வேற யாரு? ஆலியாதான்."

ஆலியா அவருடைய மனைவி.

"ஒங்க போன எட்டிப் பாத்திருப்பாவ."

"நான் முன் ரூம்ல, அவ அடுப்படியில. நடுவுல சொவரு. கதவச் சாத்தித் தாப்பாளும் போட்டாச்சு. கொழம்பு ஊத்தும்போதே சிரிக்கா, தம்பி. பேசாம விட்டுறலாம்னு பாக்கேன்."

"செத்த பொறுங்க பாய். நான் பாக்கேன்."

பார்த்தான். படப்புக்குள் ஒளிந்தால் ஆளின் முழங்கை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 'இதுதான் விஷயம்' என்று வைக்கோலை அடர்த்தியாக்கினான்.

மறுநாள் யாரையுமே கண்டுபிடிக்க முடியவில்லை. காலேஜ் மாணவன் சோலைச்சாமி படப்புக்குள் ஒளிந்தான், போனைச் சட்டைப்பையில் போட்டான், காலேஜ் பஸ் ஏறினான், லேபை முடித்தான், சாப்பிட்டுக் கைகழுவினான். அதுவரைக்கும் ஒளிந்தேதான் இருந்தான். தேடியவர்கள் வெறுத்துப்போய்த் தூங்கிவிட்டார்கள்.

அனஸ் பாயை மட்டும், அதே படப்பில், ஆலியா எடுத்த எடுப்பில் பிடித்துவிட்டாள்.

பொன்மணி தலையில் கைவைத்தாள். "ஏலே, நெசத்துல ஒரு மனுசன் படப்புக்குள்ள அம்புட்டு நேரம் சும்மா கெடப்பானா? தூசி பறக்கும், மேலெல்லாம் அரிக்கும். கெணத்துப் படியில நின்னா குளிரும். அதையெல்லாம் வையி. தன்னால வெளிய வருவான்."

அதுவும் சரிதான் என்று பட்டது. படப்புக்குள் போனால் திரை முழுக்கத் தூசி மிதக்கும்படி செய்தான். கிணற்றுக்குள் இறங்கினால் இருட்டும், தண்ணீர் சொட்டும் சத்தமும். போன் கைக்குள்ளேயே லேசாக நடுங்கும். ரொம்ப நேரம் ஒளிந்திருக்கிறவர்கள் இருமியே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் அந்தக் கிராமத்தில் திரும்பின பக்கமெல்லாம் இருமல். படப்பு இருமியது, குடோன் இருமியது, மாட்டுவண்டிக்கு அடியிலிருந்து மூன்று பேர் மாற்றி மாற்றி இருமினார்கள்.

"அண்ணே, இது ஐஸ்பாயா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டான் சோலைச்சாமி.

அனஸ் பாய் போனில் சொன்னார்: "தம்பி, முன்னயாச்சும் ஒரு சுத்து சுத்திட்டு வந்து புடிச்சா. இப்ப நேரா வாரா."

இருமலை எடுத்துவிட்டு, தேடுகிறவருக்குத் துணையாக ஒரு வெள்ளை ராஜபாளையம் நாயை விட்டான். ஆலியா நாயை நம்பினால் தடுமாறுவாள் என்பது கணக்கு. நாய் மோப்பம் பிடித்து எல்லோரையும் வரிசையாக இழுத்துப்போட்டதில், ஆட்டம் தொடங்கிய சூட்டோடு முடிந்தது. மோப்பத்தைக் குறைத்தான். நாய் தெரு நடுவில் படுத்துக்கொண்டது. ஒளிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அதைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"ஒளியறது கெடக்கட்டும். நாய்க்குப் பேரு என்னண்ணே?" என்று தளவாய்புரத்திலிருந்து மாரீஸ்வரி என்கிற பெண் கேட்டு அனுப்பியிருந்தாள்.

அந்த நாய் எழுந்து சோம்பல் முறிப்பதற்குள் அனஸ் பாய் பிடிபட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து நாச்சியார் என்ற அம்மாள் வந்தார். நிதானமான ஆள். மாடியில் உட்கார்ந்து, படப்பு, கிணறு, குடோன் ஒவ்வொன்றிலும் ஒளிந்து பார்த்தார். நாயையும் தடவிக்கொடுத்தார். பிறகு போனைக் கீழே வைத்தார்.

"படமெல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா நான் ஒளிஞ்சிருக்கேன்னு எனக்குத் தோணலை. ஒரு பொம்மையை ஒளிச்சு வெச்சுட்டு, நான் சேர்ல உக்காந்திருக்கேன். அவ்வளவுதான்."

பொன்மணி சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

"அதோட, ஒரே ஆளை ஒரே ஆள் பிடிக்கிறாங்கன்னு சொன்னீங்களே. கேம்ல எங்கேயோ ஓட்டை இருக்கு. போறப்போ அந்த வீட்டையும் பாத்துட்டுப் போயிடலாம். உங்களுக்காச்சும் அது உதவும்."

அதாவது, கம்பெனிக்கு இந்தக் கேம் வேண்டாம் என்று அர்த்தம். அவருடைய காரிலேயே மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்கள்.

அனஸ் பாய் அவர்களை முன் அறையில் உட்காரவைத்தார். ஆலியா அடுப்படியில் இருந்தாள். நடுக்கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தானே இழுத்துக் காட்டினார். "பாத்துக்கிடுங்க. ஒரு எறும்பு நொழைய முடியாது."

ஆட்டம் தொடங்கியது. அனஸ் பாயின் ஆள் ஓடிப்போய்ப் படப்புக்குள் புகுந்தான். திரையில் தூசி எழுந்தது. அனஸ் பாய் மூக்கைத் தேய்த்தார், முகத்தைக் கோணினார், பிறகு வீடே அதிரும்படி தும்மினார்.

"காத்தாடிக் காத்துதான் ஒத்துக்கிடல போல" என்று பொன்மணி எழுந்து ஃபேனைக் குறைத்தாள்.

அவள் திரும்பி வந்து உட்காருவதற்குள் திரையில் ஆலியா படப்புக்கு முன்னால் நின்றாள்.

"பாத்தியளா! பாத்தியளா!" என்றார் அனஸ் பாய்.

"இன்னொரு தடவை. வேற இடம்" என்றார் நாச்சியார்.

இந்த முறை கிணறு. இருட்டுக்குள் படி படியாக ஆள் இறங்கினான். தண்ணீர் சொட்டியது. அனஸ் பாய் நாற்காலியில் காலை மடக்கி, தோளைக் குறுக்கிக்கொண்டு, "உஸ்ஸ்ஸ்..." என்றார். பொன்மணி ஃபேனை நிறுத்தியே விட்டாள்.

கிணற்று மேட்டில் ஆலியாவின் தலை எட்டிப் பார்த்தது.

அனஸ் பாய் போனை மேசைமேல் கவிழ்த்துவைத்தார். ஜோயலுக்கு அழுகை வரும்போல் இருந்தது. எத்தனை நாள் வேலை! எந்த இடத்தில் ஓட்டை என்றுகூடத் தெரியாமல் தோற்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. அனஸ் பாய் தாழ்ப்பாளை விலக்கினார். ஆலியா டீயோடு வந்து எல்லோருக்கும் கொடுத்தாள். அவள் முகத்தில் அடக்கிய சிரிப்பு.

நாச்சியார் டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்: "கோவிச்சுக்காம உண்மையச் சொல்லும்மா. எப்படிக் கண்டுபிடிக்கறே?"

ஆலியா கணவரைப் பார்த்தாள், பிறகு ஜோயலைப் பார்த்தாள்.

"நான் கேமுல எங்க தேடுதேன், அக்கா? படப்புக்குள்ள போனா அவிய இங்கன தும்முதாவ, கெணத்துல எறங்குனா இங்கன குளுருதாவ. நான் சொவத்துல காத வச்சிக்கிட்டு நிக்கேன், அம்புட்டுத்தான்."