களிக்குள் ஒளித்த மாத்திரை

படித்த மருமகள் இருக்கும் வீட்டில் நோயாளிக்கு இரண்டு தொல்லை. ஒன்று நோய். மற்றது மருமகள்.

திண்டிவனத்தில் எங்களோடு இருக்கும் என் மாமனாருக்கு மாரடைப்பு வந்து, விழுப்புரத்தில் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, விட்டால் ஸ்டென்டே அடைத்து உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மாமா ஒப்பவில்லை. "வாய்க்கால்ல அடப்ப எடுத்தாச்சுன்னா தண்ணி தானா ஓடும்மா. அப்பறம் இன்னாத்துக்குத் தெனம் மருந்து? ஒடம்புதான் சூடாவும்."

கெஞ்சினேன், அழுதேன், யூடியூபில் டாக்டர்களைக் காட்டினேன் (அவர் அதிலேயே கரும்பு நடவு பார்க்க ஆரம்பித்துவிட்டார்). "உட்டுடும்மா, பேஜாரு புடிச்ச மனுசன்" என்றார் கணவர். விடுவேனா? மூன்று வயது மகளுக்குக் கசப்பு மருந்தை வாழைப்பழத்தில் புதைத்துக் கொடுப்பவள் நான்.

மாமாவுக்குக் காலையில் கேப்பைக் களி. களியை யாரும் மெல்வதில்லை, விழுங்குவதுதான். முதல் வாயிலேயே போய்விடட்டும் என்று உருண்டையின் உச்சியில் மாத்திரையைச் செருகினேன். தட்டோடு தோட்டத்துக்குப் போவார், வெறுந்தட்டோடு வருவார். எனக்கு ஒரே பெருமை. (கூடவே பயம்: தெரிந்துவிட்டால்? நான் செய்வது சரியா?)

சில வாரம் கழித்து விழுப்புரத்தில் பரிசோதனை. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு நாள்கூடத் தவறல டாக்டர்!"

"ஏம்மா பொய் சொல்ற?" என்றார் மாமா. "நான் அந்த மாத்திரையத் தொட்டதே இல்லியே!"

களி விஷயத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. மாமா என்னையே பார்த்தார்.

"உச்சியிலியா வச்ச?"

"ஆமா மாமா."

"மொத வாய காக்காவுக்கில்ல வைப்பேன்! ஒங்க அத்த போனதுலேந்து தெனம் வச்சிக்கினுதான இருக்கேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இத்தனை நாளும் மாமா மாத்திரையே இல்லாமல் நடமாடியிருக்கிறார்! டாக்டரம்மா சிரிக்கவில்லை. உடனே ஈசிஜி எடுத்தார். நல்லவேளை, ஒன்றுமில்லை.

"சொல்லாம மருந்து குடுக்கறது தப்பும்மா. ஐயா, நீங்க பொழைச்சது அதிர்ஷ்டம். தெனமும் அதிர்ஷ்டம் வராது."

திரும்பும் பேருந்தில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். இனி ஒளிக்கப் போவதில்லை, அவர் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கப் போகிறேன் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். திடீரென்று கேட்டார்:

"அந்தக் காக்கா எளச்சிருக்கா?"

"இல்ல மாமா. பளபளன்னுதான் இருக்கு."

"அப்ப சூடு ஒண்ணும் பண்ணல. ஒங்க அத்த எனக்கு முன்னாடி சாப்ட்டுப் பாத்துட்டா." கையை நீட்டினார். "ஜல்தியா குடு. தண்ணி வச்சிருக்கியா?"

அன்று முதல் அவரே கேட்டு வாங்கி விழுங்குகிறார். ஆனால் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் இன்றும் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "செத்துப்போன மாமியாருக்கு வேளை தவறாம மாத்திரை குடுத்த மருமவ இவதான்."