பொருளாளரை விசாரித்த விழா

சின்னசேலம்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய இளஞ்செழியன் மாமாவுக்கு, மருமகள் கோகிலவாணி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா அப்பா சுகம். நானும் சுகம்தான், தொண்டை மட்டும் கட்டிப்போயிருக்கிறது. காரணம் கீழே வருகிறது. ஓசூரில் அத்தையும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் கத்துகிறேன் என்று அம்மா போனைப் பிடுங்கிவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் ஆயுள் உறுப்பினராக இருக்கும் நம் இறகுப்பந்து மன்றத்தில், பொருளாளர் கலியபெருமாள் போன மாதம் ஓர் ஆட்டத்தில் தோற்றார். தோற்றவர் தரையைப் பார்த்தார். ஒரு மூலையில் ஈரம். உடனே, கோர்ட்டைப் பெருக்கித் துடைக்கிற சாலம்மாள் அக்கா பக்கம் மட்டையை விட்டெறிந்தார். மட்டை சுவரில் மோதி உடைந்தது. அவர் பேசியதை அப்படியே எழுதினால் அத்தை இந்தத் தாளை அடுப்பில் போடுவார். அதில் பாதி சாதியைப் பற்றியது. நான் புகார் எழுதிக் கொடுத்தேன். மன்ற விதிப்படி இப்படி நடந்துகொண்டவர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், மூன்று மாதம் ஆடக் கூடாது. அக்காவும் அதைத்தான் கேட்டார். "எல்லார் எதுர்லயும் திட்னாரு இல்ல? எல்லார் எதுர்லயும் மன்னிப்புக் கேக்கட்டும்."

நிர்வாகக் குழு கூடியது. அதில் ஒருவர் கலியபெருமாளின் சம்பந்தி, இன்னொருவர் மச்சான், மூன்றாமவர் அவர் கடையில் வாடகைக்கு இருப்பவர். தலைவர் கந்தசாமி விதிப் புத்தகத்தைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உறுப்பினரைத் திட்டக் கூடாதுன்னு தான்ம்மா போட்டுக்கீது. சாலம்மா உறுப்பினர் இல்லியே?"

"பந்துகூட உறுப்பினர் இல்லீங்க. அத்த ஒடைச்சா மட்டும் அபராதம் போடறீங்களே?" என்றேன்.

தலைவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, "சரி, வெளியாள் ஒருத்தர வெச்சி விசாரிச்சிடலாம்" என்றார். நான் குதித்தேன் மாமா! நியாயம் கிடைத்துவிட்டது என்று அம்மாவுக்குக் கேசரிகூடக் கிண்டிக் கொடுத்தேன்.

விசாரிக்கத் திருக்கோவிலூரிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வருவதாக முடிவானது. நம் ஊரில் வெளியாள் ஒருவர் வந்தால் அது விழாதானே. வாசலில் பத்தடிக்கு ஃபிளெக்ஸ்: 'விசாரணைக்கு வருகை தரும் ஐயா அவர்களே, வருக வருக!' கீழே கைகூப்பியபடி சிரித்துக்கொண்டிருப்பது யார்? கலியபெருமாள்! ஃபிளெக்ஸுக்குப் பணம் கட்டுவது பொருளாளர், அதனால் படமும் பொருளாளருடையதாம். வரவேற்புரை எப்போதும் பொருளாளர்தான் பேசுவாராம், அதனால் அன்றும் அவரே பேசினார், தன்னை விசாரிக்க வந்தவரைத் தானே வாழ்த்தி. பாவம் அந்த அதிகாரி, மேடையில் இருந்தவர்களில் குற்றவாளி யார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. கையில் கொடுத்த பொன்னாடைகளை வரிசையாகப் போர்த்திக்கொண்டே போனவர் கலியபெருமாளுக்கும் போர்த்திவிட்டார். கைதட்டல்! சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பொன்னாடை போத்துன மனுசன எப்டிம்மா சஸ்பெண்டு பண்றது? ஊரு சிரிக்காது?"

கடைசியில் அதிகாரிக்குத்தான் சந்தேகம் வந்தது. "பாதிக்கப்பட்ட அம்மா எங்கே?"

"டீ குடுத்துக்கினு கீறாங்க சார்" என்றார் தலைவர்.

மேடையில் எட்டு நாற்காலி போட்டிருந்தார்கள் மாமா. அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை. அவர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். கலியபெருமாள் நன்றியுரையில், "தேநீர் வழங்கிய சாலம்மாவுக்கும் நன்றி" என்று முடித்தார். மன்னிப்பு எங்கே என்று கேட்டதற்குத் தலைவர், "பேரச் சொல்லி நன்றி சொன்னாரு இல்ல, அதுலயே அதுவும் அடக்கம்" என்றார். நான் மைக்கைப் பிடுங்கிக் கத்தினேன். அக்கா தட்டைத் தலைவர் மடியில் வைத்துவிட்டு வெளியே போனார். மறுநிமிடம் குழு கூடி எனக்கு மூன்று மாதத் தடை போட்டது. குற்றம், மைக்கைத் தவறாகப் பயன்படுத்தியது. நாற்காலியைவிட்டுக்கூட யாரும் எழவில்லை!

மாமா, ஆயுள் உறுப்பினர் ஒருவர் எழுத்தில் ஆட்சேபித்தால் எந்தத் தீர்மானமும் நிற்காது. என் தடையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். கலியபெருமாள் அக்காவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். அதுவரை நான் ஓயமாட்டேன். அந்த ஆளை எங்கே பார்த்தாலும் விடமாட்டேன்.

அத்தைக்கு என் அன்பு. சின்னவனுக்கு ஒரு முத்தம், ஒரு குட்டு. நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் அடங்காத மருமகள்
கோகிலவாணி

பி.கு.: மாமா, உறையை ஒட்டுவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. விழாவன்று போன அக்கா வேலைக்குத் திரும்பவில்லை, கோர்ட் முழுக்கப் புறா எச்சம். குழுவில் யாரும் துடைப்பத்தைத் தொடமாட்டார்கள். வேறு வழியில்லாமல் எல்லோரும் கலியபெருமாளைத் தள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அக்கா பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். "கச்சிராயபாளையத்துல நாத்துப் பண்ணையில சேந்துட்டேன். எல்லார் எதுர்லயும் கேக்கச் சொன்னேன், வூட்டுக்கு வந்து நிக்கிறீங்க. வழிய வுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். உடனே நேராக என்னிடம் வந்துவிட்டார்கள். அம்மா நாற்காலி போட்டுக் காபி கொடுத்தாள். கலியபெருமாள் கும்பிட்டு, "தப்புதாம்மா, மன்னிச்சிக்கோ" என்றார். மாமா, இருபத்து மூன்று வருடமாக அம்மா வளர்த்த வாய் இது. "ஐயையோ, பரவால்லிங்க பெரிப்பா!" என்று சொல்லிவிட்டேன். 'புகார்தாரர் மன்னித்தார், விவகாரம் முடிந்தது' என்று அங்கேயே தீர்மானம் எழுதிவிட்டார்கள். ஆகவே மேலே கேட்ட ஆட்சேபணையை இனி என் மேலேயே எழுதுங்கள். அக்காவுக்குச் சேர வேண்டியதை வாங்கிக்கொள்ள நான் யார்?