கறுப்புப் போன மெழுகுதிரிக்கால்

புளி இவ்வளவு நன்றாக வேலை செய்ததுதான் சூசைதாசனுக்கு வினையாய் முடிந்தது.

ரோமுக்குத் தெற்கே, ஒரு துறைமுக நகரத்தின் கால்சாப் பகுதியில், கடலைப் பார்த்த ஒரு பழைய மாடிவீட்டில் சமையலும் துப்புரவும் அவன் பொறுப்பு. வீட்டுக்காரி சிஞ்ஞோறா ரோமில் தங்கையைப் பார்க்கப் போயிருந்தார். உயிர்த்த ஞாயிறு வருகிறது. வரவேற்பறை மேசையில் பித்தளை மெழுகுதிரிக்கால் அடுப்பில் வைத்த சட்டி மாதிரிக் கறுத்துப்போய் நிற்கிறது. மன்னாரில் திருநாள் என்றால் கோவில் பித்தளை முழுவதையும் புளி போட்டு மினுக்குவார்கள். அதே பக்தியோடு இவனும் மினுக்கினான். முகம் பார்க்கலாம் போலிருந்தது. படம் எடுத்துத் தனேசுக்கு அனுப்பினான்.

தனேஸ் இவனுடைய கூட்டாளி. அதே நகரத்து அல்பெர்கேரியாப் பகுதியில், புதுக் கதிரை மேசைகளையும் விளக்குகளையும் பழசாக்கி விற்கும் பட்டறையில் வேலை. பாராட்டு வரும் என்று காத்திருந்தவனுக்கு அழைப்பே வந்தது.

“அண்ணை, அந்தக் கறுப்பை ஏத்தத்தான் நாங்கள் இஞ்சை கிழமைக்கணக்காய் மாரடிக்கிறம். நீங்கள் அதைக் கழுவி ஊத்திப்போட்டுப் படமும் அனுப்புறியள்.”

“ஊத்தை எண்டெல்லோ நினைச்சன்.”

“அந்த ஊத்தைதான் அதின்ரை விலை.”

சூசைதாசன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். ரோமிலிருந்து திரும்பியதும் அவனுடைய வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதாகச் சிஞ்ஞோறா சொல்லியிருந்தார். அது இருந்தால்தான் பெர்மெசோ என்னும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கலாம். பெர்மெசோ இருந்தால்தான் மன்னாரில் வருஷக்கணக்காய்க் காத்திருக்கும் மனைவி கிளறாவை இங்கே கூப்பிடலாம். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். கோப்பித்தூளைக்கூடக் கரண்டியின் தலையைத் தட்டி எடுக்கச் சொல்லும் மனுஷியிடம் அதை எப்படிச் சொல்வது?

சமையல் காடியான வினாகிரியும் உப்பும் கலந்து பூசச் சொன்னான் தனேஸ். கொஞ்சம் என்றுதான் சொன்னான். இவன் பயத்தில் தாராளமாகவே பூசிவிட்டுப் படுத்தான். விடியப் பார்த்தால் மெழுகுதிரிக்கால் கிளிப்பச்சையாய் நின்றது. அதிலிருந்து வடிந்தது மேசையின் மெருகையும் தின்று, நடுவில் வெள்ளையாய் ஒரு வட்டம் போட்டிருந்தது.

வட்டத்தை அரத்தாளால் தேய்த்தான். வட்டம் பெருத்தது. ஓரத்தைச் சமப்படுத்தப்போய் ஓரமும் வெளுத்தது. கடைசியில் முழு மேசையையும் தேய்த்துத் தீர்த்தான். புதன்கிழமை காலை முழுக்க அந்தத் தேய்ப்புச் சத்தத்தில் வாசல் மணி அடித்திருந்தாலும் கேட்டிருக்காது. பரம்பரைச் சொத்தென்று சிஞ்ஞோறா தடவித் தடவி வைத்திருந்த மேசை, நேற்றுத்தான் தச்சன் வீட்டிலிருந்து வந்ததுபோல் பல்லைக் காட்டியது.

அன்று மத்தியானம் சிஞ்ஞோறா தொலைபேசியில் பேசினார். ரயில் வேலைநிறுத்தமாம், வர இரண்டொரு நாள் பிந்துமாம். வாழ்க்கையில் முதல்தரம் ஒரு வேலைநிறுத்தத்துக்காகச் சூசைதாசன் சிலுவை போட்டுக்கொண்டான்.

மரத்துக்குக் கோப்பிச் சாயம் ஏற்றலாம் என்றான் தனேஸ். வீட்டிலிருந்த கோப்பி முழுவதும் கொதித்து மேசையில் ஊறியது. அதுவும் போதவில்லை. மறுநாள் திரும்பவும் சிஞ்ஞோறாவின் அழைப்பு. சுகம் விசாரித்துவிட்டு, மேல்தட்டில் இன்னொரு டின் கோப்பி இருக்கிறது, வேண்டுமென்றால் எடு என்றார். ரோமின் காற்று மனுஷியை இளக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தனேஸ் ஒரு கொத்துத் திறப்போடு நேரிலேயே வந்து, பழைய தழும்புகள் விழ அந்தச் சாவிகளால் மேசைக்கு அடி போட்டான். பிறகு ஆணியால் புழு அரித்த ஓட்டைகள் குத்தத் தொடங்கினான். கை பழகிய வேலை, நிற்கவில்லை.

“புழுவுக்கும் ஒரு வயிறுதானேயடா இருக்குது,” என்று சூசைதாசன் ஆணியைப் பறித்தான்.

பச்சையின்மேல் சப்பாத்துப் பொலிஷும் மெழுகுதிரிப் புகையும் ஏற்றியபோது மெழுகுதிரிக்கால் ஒருவாறு கறுத்தது. தனேஸ் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

கறுப்பு ஏறாமல் ஒரு ஓரம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் சூசைதாசனின் முகம் தெரிந்தது. நரைத்த மீசை, கண்ணுக்குக் கீழே சுருக்கம். இதை ஏற்ற யாரும் வினாகிரி பூசவில்லை, தானாகவே ஏறியிருந்தது. கிளறா வந்து இறங்கினால் இந்த முகத்தை அடையாளம் கண்டு மட்டுக்கட்டுவாளா? உள்ளதை மறைத்துப் பூசும் வேலை திடீரென்று அலுத்துப்போயிற்று. வேலை போனாலும் பரவாயில்லை, சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தான்.

சனிக்கிழமை காலை சிஞ்ஞோறா வருவதாகச் சொல்லியிருந்தார். ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் போய், பெட்டியைக் கையில் வாங்கும்போதே சொல்லிவிடுவது என்று சட்டை மாற்றிக்கொண்டு இறங்கினான். கீழே வாசல் காவலர் நீனோ மறித்தார். எங்கே என்று கேட்டார்.

“சிஞ்ஞோறாவைக் கூட்டிவரப் போறன். அவவின்ரை சாமானைப் பழுதாக்கிப்போட்டன். அதை நேரிலை சொல்லவேணும்.”

நீனோ தன் அறைக் கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஸ்தாசியோனேக்கு என்னத்துக்குப் போறாய்? சிஞ்ஞோறா புதன்கிழமையே வந்திட்டா. கதவைத் திறந்து நீ மேசையோடை படுறபாட்டைப் பாத்திட்டு, ‘பாவம், அவன் முடிக்கட்டும்’ எண்டு இறங்கி வந்தவ, அந்த நாளிலையிருந்து என்ரை மனிசியின்ரை கட்டில்லைதான் படுக்கிறா.”