ரேஸ் வண்டிக்கு மீன் கூடை கட்டுன அன்னிக்கு

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு ஒரே ஒரு வேலை. ரேஸ் மோட்டார் சைக்கிள விக்கணும். அவ்ளோதான்.

"உன்கிட்ட ஏதுய்யா ரேஸ் வண்டி?"ன்னு கேப்பீங்க. கேளுங்க. ராயபுரமே கேட்டுச்சு.

நான் அப்போ ஹார்பர்ல மூட்டை எண்ற கிளார்க்கு. கூட வேலை செஞ்ச ஆங்கிலோ இந்தியன் தோஸ்து ஒருத்தன், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறசொல்ல, "மேன், இது வண்டி இல்ல, சிங்கம்"னு சொல்லி அத என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். கூடவே தோல் கோட்டு, தோல் பேண்டு, கையுறை, பெரிய கண்ணாடி, கவுத்துப் போட்ட சோத்துச் சட்டி மாதிரி ஒரு ஹெல்மெட்டு. நானும் சிங்கத்துக்கு ராஜா ஆயிட்டேன்னு நெனச்சேன்.

சோழாவரத்துல பழைய ஏரோப்ளேன் மைதானத்துல ஒரே ஒரு தபா ரேஸ் வுட்டேன். நான் வந்து சேர்றதுக்குள்ள ஷாமியானாவப் பிரிச்சி லாரியில ஏத்திட்டாங்க. கை தட்டுனது அந்த லாரிக்காரன் மட்டும்தான். அதுவும் "ஓரம் போய்யா"ன்றதுக்கு!

அப்பால ஒரு வருசமா சிங்கம் வூட்டு நடையில நின்னுக்கினு இருந்துச்சு. எட்டு குடித்தனம், ஒரு கொழா, ஒரே ஒரு நடை. ரேஸ் இஞ்சினுக்கு வெளக்கெண்ணெதான் ஊத்துவாங்க. நெசமாத்தான்! அது சொட்டு சொட்டா ஒழுகி, நடை பூரா வழுக்குப் பாறை.

அந்த ஞாயித்துக்கு முந்தின வாரம் எம்பொண்டாட்டி ராஜாத்தி அதுல காலு வெச்சிட்டா. ஏழு மாசம். இடுப்புல தண்ணிக் குடம். நல்ல வேள, செவுத்தப் புடிச்சிக்கினா. கொடம் மட்டும் ஒடஞ்சிது. 

வூட்டுக்காரர் காதர் பாய் வந்து நின்னாரு. "மாமு, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணு அந்த வண்டி போவணும், இல்லாட்டி நீ போவணும். எது போனாலும் எனக்கு சந்தோசம்தான்."

ராஜாத்தி சொன்னா: "நீங்க போங்க, நானும் வண்டியும் இருந்துக்கறோம்னு சொல்லலாம்னு பாத்தேன். யோசிச்சா, வண்டியும் வாணாம்."

சரின்னு விசாரிச்சேன். காசிமேட்டுல மீன் ஏலம் வுடற அஞ்சலையம்மா வேகமான வண்டி ஒண்ணு தேடறாங்கன்னு ஹார்பர்ல சொன்னாங்க. வேகம்தானே? நம்மகிட்ட வேற இன்னா கீது?

தோல் சாமானெல்லாம் மூட்டையா கட்டி டாங்கி மேல வெச்சி, ராயபுரத்துலேர்ந்து காசிமேடு வரிக்கும் தள்ளிக்கினே போனேன். உலகத்துலயே நடந்து போன ஒரே ரேஸ் வண்டி அதுதான்.

அஞ்சலையம்மா வண்டிய மீனு பாக்கற மாதிரியே பாத்தாங்க. டயர அமுக்கிப் பாத்தாங்க. இஞ்சின் இடுக்குல வெரல வுட்டு மோந்து பாத்தாங்க. மொகம் சுளிச்சிது.

"இன்னா நைனா, வண்டிக்குப் பேதிக்குக் குடுத்துக்கீறியா?"

"ரேஸ் வண்டிம்மா. அதுக்கு வெளக்கெண்ணெதான்."

"லைட்டு எங்க?"

"ரேஸ் வண்டிக்கு லைட்டு இருக்காதும்மா."

"ஹாரன்?"

"இருக்காது."

"ஒதைக்கிற கட்டை?"

"அதுவும் இருக்காது. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்."

"அப்போ இன்னாதான்யா கீது?"

"ஸ்பீடு கீதும்மா!"

இத நான் சொல்லாம இருந்திருந்தா அன்னிக்கு ஒழுங்கா வூடு போய்ச் சேந்திருப்பேன்.

"அப்பிடியா? ஓட்டிக் காட்டு. அந்தத் தோல் சட்டையெல்லாம் போட்டுக்கினு ஓட்டு. எல்லாத்தையும் சேத்துத்தானே விக்கிற?" அதோட வுட்டாங்களா? ஒரு கூடை சங்கரா மீனக் கொண்டாந்து பின்னாடி கவுறு போட்டுக் கட்டிட்டாங்க. "சும்மா ஓட்டுனா எனக்கு இன்னா தெரியும்? சரக்கோட ஓட்டு."

உச்சி வெய்யிலு. சித்திர மாசம். தோல் பேண்டுல காலு பூந்துச்சி, தொப்பை பூரல. வலை இஸ்துக்கினு இருந்த ரெண்டு பேரு வந்து, ஆளுக்கொரு பக்கம் நெருக்கி, பித்தானப் பூட்டி வுட்டாங்க. மூச்சு வுட்டா தெறிச்சிரும். அதனால மூச்சு வுடல.

அவங்களே வண்டியும் தள்ளுனாங்க. ஏலேலோ சொல்லித் தள்ளுனாங்க.

டமார்!

சைலன்சர் இல்லாத இஞ்சின். குப்பத்துல இருந்த கோழி, ஆடு, மனுசன் எல்லாம் ஒரே நேரத்துல எகிறிச்சி. பாயில காய வெச்சிருந்த நெத்திலி மேலயே நான் பூந்து ரோட்டுக்கு வந்துட்டேன். பின்னாடி பொம்பளைங்க சொன்ன வார்த்தையெல்லாம் இஞ்சின் சத்தத்துல கேக்கல. அந்த ஒரு விசயத்துல மட்டும் அந்த வண்டிக்கு நான் கடமைப்பட்டவன்.

ரோட்டுல வந்ததும் ஆக்சிலேட்டர கொறச்சேன். கொறையல.

ஒரு வருசமா கடக்காத்துல நின்னு கேபிள் துரு புடிச்சி, அப்பிடியே சிக்கிக்கிச்சு. கிளட்சப் புடிச்சிருக்கலாமேன்னு இப்போ எல்லாரும் சொல்றீங்க. அன்னிக்கு நீங்க கூட வந்திருக்கணும்.

தண்டையார்பேட்டை போச்சி. திருவொத்தியூர் வந்திச்சி. வந்திச்சின்னா, என்மேல வந்திச்சி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கூடையிலேர்ந்து ரெண்டு மீனு எகிறுது. பஸ் ஒண்ணத் தாண்டசொல்ல ஒரு சங்கரா ஜன்னலு வழியா உள்ள பூந்து, ஞாயித்துக்கிழமையிலயும் கருப்புக் கோட்டக் கழட்டாத வக்கீல் ஒருத்தர் மடியில குந்திக்கிச்சு. அவரு என்னையும் மீனையும் மாறி மாறிப் பாத்தத இப்போ நெனச்சாலும் வெக்கமா கீது. யாரு மேல கேஸ் போடறதுன்னு யோசிச்சிருப்பாரு.

நான் கத்திக்கினேதான் போனேன். "ஒத்து! ஒத்து!"ன்னு. ஹாரன் இல்லாத வண்டிக்கு நானே ஹாரன்.

எண்ணூரு மணல்ல பூந்தப்பதான் பெட்ரோலு தீந்து, வண்டி தானா நின்னுச்சி. என் தெறமையில நின்னுச்சின்னு யாராவது சொன்னா நான் மறுக்க மாட்டேன்.

மணல்லயே கொஞ்ச நேரம் படுத்துக் கெடந்தேன்.  ராஜாத்தி மொகம்தான் கண்ணு முன்னாடி. புள்ள பொறக்கறதுக்கு முன்ன நான் போயிருந்தா, "உங்கப்பா சங்கரா மீனோட பறந்துட்டாரு"ன்னா சொல்லுவா? அந்த நெனப்புல கண்ணுல தண்ணி வந்துச்சி. உப்பளத்துல வேல செஞ்ச பெரியவர் ஒருத்தர் ஓடியாந்தாரு.

"ஏரோப்ளேன்லேர்ந்து வுழுந்துட்டியா நைனா?"

"இல்ல பெரியவரே. காசிமேட்டுலேர்ந்து."

அவரு வானத்தையும் என்னையும் பாத்தாரு. தண்ணி குடுத்துட்டு உப்பளத்துக்கே போயிட்டாரு.

திரும்ப தள்ள ஆரம்பிச்சேன். கோட்டக் கழட்டலாம்னு பாத்தா, வேர்வையில ஊறி ஒடம்போட ஒட்டிக்கிச்சு. திருவொத்தியூர்ல போலீஸ்காரர் ஒருத்தர் கைய நீட்டி நிறுத்துனாரு.

"இன்னாய்யா இது? நம்பரு இல்ல, லைட்டு இல்ல?"

"ரேஸ் வண்டி சார்."

"ரேஸா? மத்தவங்கல்லாம் எங்க?"

"பின்னாடி வராங்க சார்"னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.

அவரு எட்டிப் பாத்தாரு. கூடை வாசனைக்கு ரெண்டு நாயும் ஒரு பூனையும் வந்துக்கினு இருந்துச்சி.

"சரி, நீதான் பஸ்ட்டு. கெளம்பு"ன்னாரு.

அப்பால கட்டவண்டிக்காரர் ஒருத்தர் எரக்கப்பட்டு ஏத்திக்கினாரு. காசிமேடு போய் எறங்கசொல்ல கணக்குப் போட்டுப் பாத்தேன். மீனும் போச்சி, நெத்திலியும் போச்சி, வண்டியும் வெல போவப் போறதில்ல.

அஞ்சலையம்மா கூடைய எட்டிப் பாத்தாங்க. ஒரு மீனு கீது. அதுவும் கவுத்துல சிக்கிக்கினதால கீது. என்னப் பாத்தாங்க. பஸ்ஸுல மீனு பூந்ததுலேர்ந்து எல்லாத்தையும் சொன்னேன். அப்பிடியே தரையில குந்திக்கினு சிரிச்சாங்க பாரு!

"நைனா, மீனு நீந்திப் பாத்துக்கீறேன், துள்ளிப் பாத்துக்கீறேன். பஸ் ஏறி இன்னிக்குத்தான் கேள்விப்பட்டேன்!"

"மன்னிச்சிக்கோம்மா. வண்டி வாணாம்னா..."

"வாணாம்! எனக்கு மீனு ஊரு போய்ச் சேரணும். இது மேலோகம் போய்ச் சேக்கும்."

அவ்ளோதான், எல்லாம் முடிஞ்சிதுன்னு நெனச்சேன். மொதல்ல இந்தத் தோலையாவது கழட்டுங்கய்யான்னு கெஞ்சுனேன். நாலு பேரு இஸ்தாங்க. நான் வரேன், கோட்டு வரல. சத்தம் கேட்டு அஞ்சலையம்மா புருசன் முனுசாமி ஐஸ் கிடங்குலேர்ந்து வந்தாரு.

"இஸ்க்க வாணாம். ஐஸ் மேல படுக்க வைங்க. தானா வுடும்."

படுக்க வெச்சாங்க. வஞ்சிரத்துக்கும் வவ்வா மீனுக்கும் நடுவுல. பத்து நிமிசத்துல நான் வெளிய, தோல் தனியா. வேட்டி கட்டிக்கினு நடுங்கிக்கினு நிக்கிறேன், முனுசாமி சாவகாசமா அந்தக் கோட்டயும் கையுறையும் மாட்டிக்கினு ஐஸ் பாளத்தக் கட்டிப் புடிச்சாரு. மொகம் மலந்துச்சி.

"அஞ்சல! குளிரவே இல்லடி! இத வாங்கு!"

அப்புறம் வண்டியச் சுத்தி வந்தாரு. "தம்பி, இந்த இஞ்சின ஒரு மெஷின்ல மாட்டுனா ஐஸ் ஒடைக்குமா?"

"ஐஸ் இன்னா ஐஸு? ராயபுரத்தையே ஒடைக்கும்."

அங்கியே வெல பேசி முடிஞ்சிது. மீனு, நெத்திலிக்கெல்லாம் போவ மீதி கைக்கு வந்துச்சி. எவ்ளோன்னு கேக்காதீங்க, ராஜாத்தி கேட்டப்பவே நான் சொல்லல.

வூட்டுக்குப் போயி "வித்துட்டேன்"னேன்.  அவ நடையக் கழுவி வுட்டு, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு வயித்தப் புடிச்சிக்கினு ரெண்டு தபா நடந்து பாத்தா. மூணாவது தபா நானும் கூட நடந்தேன்.

காதர் பாய் மட்டும் லேசா வருத்தமா இருந்தாரு. "நீதான் போவேன்னு நெனச்சேன் மாமு."

பத்து நாள் கழிச்சி காசிமேட்டுப் பக்கம் போனேன். முனுசாமி தோல் கோட்டோட நின்னுக்கினு இருந்தாரு.

"எப்பிடிண்ணே ஓடுது?"

"ஜோரா ஓடுது தம்பி. முன்ன ஐஸ் ஒடைக்க மூணு பேரு வேணும். இப்போ ஒருத்தர் போதும். மெஷினப் புடிச்சிக்கத்தான் ஆறு பேரு."