தும்மல் வதைப் படலம்

வெற்றி உண்டாகுக! உலகப் படத்தைப் பார்க்காமலேயே கரும்பலகையில் நடுக்கமின்றி வரைபவரும், மூவகைப் பாறைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பவரும், முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பேரிரைச்சலை ஒற்றைப் புருவ அசைவால் அடக்கியாள்பவருமாகிய புவியியல் ஆசிரியைக்கு வெற்றி உண்டாகுக! கணினி ஆசிரியர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, புதன்கிழமை வீடியோ எடிட்டிங் வகுப்பு தலைவனில்லாப் படையெனத் திகைத்து நின்றபோது, “என் தங்கச்சி கல்யாண வீடியோவை நான்தான் வெட்டி ஒட்டினேன்” என்று ஆசிரியர் கூட்டத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மாவீராங்கனை அவரே.

அன்று பிற்பகல் இரண்டரை மணி. கணினி அறையின் கதவு திறந்தது. சளியால் குரலிழந்த தலைமையாசிரியர், செங்கோல் ஏந்தும் மன்னரைப் போல் ஒரு பென்டிரைவை ஏந்தி உள்ளே வந்து, கரகரத்த குரலில் ஆணையிட்டார்.

“பெற்றோர் கூட்டத்துக்கு நேத்தே பேசிப் பதிவு பண்ணிட்டேன். மூணு நிமிஷம். கடைசியில ஒரு தும்மல் இருக்கு. நாலு மணிக்கு ஹால்ல போடுறப்ப அது இருக்கக் கூடாது. இருந்துச்சு, அடுத்த வாரத்துலேர்ந்து இந்த பீரியட் கணக்குக்குப் போயிடும்.”

கணக்கு என்னும் சொல் கேட்டு முப்பத்தெட்டு முதுகெலும்புகள் ஒருங்கே சிலிர்த்தன.

ஆசிரியை பகையை நேரில் காண விரும்பிப் படத்தை ஓடவிட்டார். திரையில் தலைமையாசிரியர் விரல் உயர்த்தி, “வாரக் கடைசியில வீட்டுப்பாடம் கிடையவே கிடையாது” என்று தொடங்கியதும் வந்தது அது. மலைமுகட்டில் இடி விழுந்தாற்போல், மதம்கொண்ட களிறு சங்கிலி அறுத்தாற்போல், மூக்குக்கண்ணாடி பறக்க, மேசைக் காகிதங்கள் சிதற, “ஹ… ஹ… ஹச்ச்ச்!” பின்னர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “…ன்னு யாரும் கனவு காணாதீங்க” என்று முடித்தார்.

“பயப்படாதீங்க. மேல ஓடுறது படம், கீழ ஓடுறது சத்தம். தும்மலுக்கு முன்னாடி ஒரு வெட்டு, பின்னாடி ஒரு வெட்டு, நடுவுல இருக்கிறதை அழிச்சிடணும். அவ்வளவுதான்” என்று முழங்கினார் ஆசிரியை.

அவ்வளவுதான் என்று அவர் சொன்ன கணத்தில் போர் மூண்டது. பத்தொன்பது கணினிகள், ஒவ்வொன்றுக்கும் இருவர், இருவருக்கும் ஒரே மவுஸ். அரியணைக்குப் பொருத உடன்பிறந்தார் போல் அந்த ஒற்றை மவுஸுக்காகப் பிள்ளைகள் முழங்கையால் இடித்துக்கொள்ள, மூன்றாம் கணினியில் படம் மட்டும் வெட்டுண்டு, வெறுமையான கருந்திரையிலிருந்து தும்மல் அசரீரியாய் ஒலித்தது. எட்டாம் கணினியிலோ சத்தம் மட்டும் மாண்டது. தலைமையாசிரியர் ஓசையின்றி வாய்பிளந்து, எதையோ விழுங்க வரும் மீனைப் போல் காட்சியளித்தார். தொட்டதற்கெல்லாம் வண்ணஜாலம் சேர்ப்பதால் ‘எஃபெக்ட்’ எனப் பட்டம் பெற்ற பையன், இரண்டு நொடித் தும்மலை நாற்பது நொடிக்கு நீட்டி, அதன்மேல் நட்சத்திரங்களைப் பொழியச் செய்தான்.

“டேய், அழிக்கச் சொன்னா அலங்காரம் பண்ணியிருக்க!”

“போறதே போகுது டீச்சர், நல்லபடியா அனுப்பி வைப்போம்னுதான்.”

அப்போது ஆசிரியை தம் பேராயுதத்தை வெளியிட்டார். செய்ததைச் செய்யாததாக்குவதும், முடிமன்னர் எவர்க்கும் வாய்க்காததுமான கண்ட்ரோல்-இசட் அது. ஆயினும் அளவறியாது அதை அழுத்திய ஒருத்தி, பின்னோக்கிப் பின்னோக்கிச் சென்று, படமே பிறவாத ஆதிகாலத்தை அடைந்து அழத் தொடங்கினாள். ஆசிரியை ஒரு கையால் அவள் கண்ணைத் துடைத்து, மறு கையால் பென்டிரைவைத் தேடினார்.

மணி மூன்று நாற்பது. பதினெட்டுக் கணினிகள் வீழ்ந்துவிட்ட வேளையில், கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. பேச்சைவிட வெட்டில் வல்லவளான ‘கத்தரி’யின் கை அது. “முடிச்சிட்டேன் டீச்சர். எக்ஸ்போர்ட் போட்டுட்டேன்.”

வகுப்பே அவள் பின்னால் திரண்டது. திரையில் பச்சைக் கோடு, கருவுற்ற நத்தையைப் போல் நகர்ந்தது. நாற்பது சதவீதம். அறுபது. ஆசிரியை ஹெட்ஃபோனை மாட்டி, வெட்டிய இடத்தைக் கேட்டார். தும்மல் இல்லை. படமும் சத்தமும் பொருந்தியிருந்தன. ஆனால் தும்மலோடு அதன் வாலும் போயிருந்தது. “வாரக் கடைசியில வீட்டுப்பாடம் கிடையவே கிடையாது” என்று விரல் உயர்த்திச் சொன்ன தலைமையாசிரியர், அடுத்த கணமே “நன்றி, வணக்கம்” என்று கைகூப்பினார்.

“கத்தரி, மிச்சம் எங்க?”

“எந்த மிச்சம் டீச்சர்?” என்றாள் அவள், பால்வடியும் முகத்தோடு.

நிறுத்திவிட்டு மீண்டும் செய்யப் போதிய நேரம் இருந்தது. ஆசிரியையின் விரல் ரத்து செய்யும் பொத்தானின்மேல் வட்டமிட்டது. முப்பத்தெட்டு முகங்கள் மூச்சடக்கி அவ்விரலையே நோக்கின. அவர் மனக்கண்ணிலோ, ஞாயிறுதோறும் தம் சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்து, வரைந்தும் வரையாமலும் கிடக்கும் நதிகளோடு திருத்தக் காத்திருக்கும் நோட்டுப் படை அணிவகுத்தது. கடமை ஒருபுறமும் களைப்பு ஒருபுறமும் நின்று அவர் நெஞ்சக் களத்தில் பொருத அப்பெரும்போர், எழுபதில் தொடங்கி எண்பத்தேழில் முடிந்தது.

விரலை எடுத்தார். “தும்மலைத்தானே எடுக்கச் சொன்னாரு” என்றார்.

நான்கு மணிக்கு நிரம்பி வழிந்த கூடத்தில் படம் ஓடியது. இறுதி அறிவிப்பைக் கேட்டதும், ஞாயிறு இரவுகளில் அட்டைப் பெட்டியை வெட்டி எரிமலை செய்து அலுத்த தந்தையர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர். அன்னையரின் கரவொலி கூரையை அதிர்த்தது. முன்வரிசையில் தலைமையாசிரியர் திகைத்துத் திரும்பினார்.

“நான் இப்படியா சொன்னேன்?”

“உங்க வாயாலதான் சார் சொன்னீங்க” என்றார் ஆசிரியை.

அதற்குள் ஒரு தந்தை வந்து தலைமையாசிரியரின் கையைப் பற்றிக் குலுக்கினார். “பெரிய மனசு சார் உங்களுக்கு! சொன்னா சொன்னதுதானே?”

தலைமையாசிரியர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். “ஆ… ஆமா. சொன்னா சொன்னதுதான்” என்றது அந்தக் கரகரத்த குரல்.

இவ்வாறு ஒரே வெட்டில் தும்மலும் வீட்டுப்பாடமும் வீழ, எடிட்டிங் வகுப்பு என்னும் கோட்டை காக்கப்பட, பகைமுடித்த பெருமாட்டியாம் புவியியல் ஆசிரியையின் புகழ் எண்டிசையும் பரவிற்று.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பத்து மணிக்கு எழுந்து பல் தேய்த்தார்.