கியர் விழாத வழக்கு: ஓர் உயர்மட்ட விசாரணை

உலகில் கார் ஓட்டுபவர்கள் இரண்டு வகை. கை கால்களை ஆட்டி ஓட்டுபவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஊரில் பாதிப் பேர் அந்த ரகம்தான். ஆணையிட்டு ஓட்டுபவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் இன்றைய தேதிக்கு ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர்தான் நம்முடைய மேலாளர்.

மேலாளர் என்றால் சாதாரண மேலாளர் அல்ல. ஒரு பெரிய சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் 'ஒருங்கிணைப்புப் பிரிவு'க்குத் தலைவர். அந்தப் பிரிவு எதை எதோடு ஒருங்கிணைக்கிறது என்று கேட்கக் கூடாது. கேட்டவர்கள் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள். அவர் மேசைக்குக் கோப்பு வரும். 'ஆவன செய்க' என்று எழுதுவார். கோப்பு இறங்கிப் போகும். கீழே யாரோ ஆவன செய்வார்கள். வருடக் கடைசியில் பாராட்டு வரும். பாராட்டை மட்டும் அவர் யாரிடமும் ஒப்படைத்ததில்லை, அதை நேரில் வந்து பெற்றுக்கொள்வார்.

இதே நிர்வாகத் திறமையைத் தமது காரிலும் அவர் புகுத்தியிருந்தார். கார் பழையது. அதன் நிறம் என்ன என்பதில் வீட்டிலேயே இரண்டு கருத்துகள் உண்டு. கியர்க் கம்பியின் தலையில் ஒரு குமிழ், அதில் இருந்த எண்களெல்லாம் என்றோ தேய்ந்து மறைந்துவிட்டன. லைசென்ஸ் வாங்கிய மறுநாளே மேலாளருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையை அசைக்க முடியவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்த வீட்டம்மா, "நீங்க நம்பரச் சொல்லுங்க, நான் போடறேன்" என்றார். போட்டார். வண்டி போயிற்று. ஒரு மாதத்தில் தோள்பட்டை குணமாயிற்று. ஏற்பாடு மட்டும் குணமாகவில்லை.

அன்று முதல் சக்கரமும் கால் மிதிகளும் ஹார்னும் மேலாளர் பொறுப்பு, கியர் வீட்டம்மாவின் பொறுப்பு. "ஒண்ணு!" என்பார். வீட்டம்மா அவர் முட்டியில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒன்றைப் போடுவார். "ரெண்டு!" என்பார். மறுபடி ஒரு தட்டு, மறுபடி ஒரு கியர். "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சும் கியருக்குக் கியர் பாசம் காட்டறா" என்று மேலாளர் அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவார்.

கார் அலுவலகம் சேர்ந்ததும் வீட்டம்மா இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். சாயங்காலம் பஸ் பிடித்து அலுவலகத்துக்கு வந்து, காரில் ஏறி, கியர் போட்டுக் கணவரை வீட்டுக்குக் கொண்டுவருவார். இந்த ஏற்பாட்டுக்கு மேலாளர் வைத்திருந்த பெயர் 'துணை'.

"இருபது வருஷத்துக்கு மேல ஓட்டறேன். வண்டில ஒரு கீறல் உண்டா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், பக்கத்து மேசை உதவியாளர், "ஆமா சார், கீறலே உங்களப் பாத்தா ஒதுங்கிப் போயிடும்" என்பார். இந்த உதவியாளரை அலுவலகத்தில் எல்லோரும் 'ஆமாஞ்சாமி' என்றுதான் அழைப்பார்கள். அவரே அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்வார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், வீட்டம்மா தட்டை வைத்துவிட்டு ஒரு சேதி சொன்னார்.

"ஏங்க, ரத்தப் பரிசோதனைக் கூடத்துல என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் படிச்ச படிப்பு இன்னும் செல்லுமாம். காலைல ஏழு மணிக்கு இருக்கணும். வேன் வந்து கூட்டிட்டுப் போகும். ஒண்ணாந்தேதி சேரணும், இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்க."

மேலாளர் மகிழ்ச்சி அடைந்தார். அடைந்த கையோடு ஒரு சந்தேகமும் அடைந்தார்.

"அப்ப கியர்?"

"நீங்கதான் போட்டுக்கணும்."

"என் கைக்கு விழாதே!"

சொல்லோடு நிற்கவில்லை, கீழே இறங்கிப் போய்ச் சோதித்தும் பார்த்தார். கம்பியைத் தள்ளினார். காரின் அடிவயிற்றிலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. இழுத்தார். அதைவிடப் பெரிய 'கர்ர்ர்'. தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. மேலாளர் மேலே வந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"கியர்ல கோளாறு இருக்கு. கோளாறான வண்டிய வீட்ல வெச்சிக்கிட்டு நீ வேலைக்குப் போறது பொறுப்பான முடிவாத் தெரியல. மொதல்ல கோளாறு தீரட்டும். அப்புறம் தாராளமாப் போ. நான் குறுக்க நிக்கிற ஆளே இல்ல."

வீட்டம்மா தட்டை எடுத்து வைத்தார். பிறகு, "சீக்கிரம் பாருங்க. எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு" என்றார். ஆசை என்ற சொல்லை அவர் சேலைக்கோ நகைக்கோகூடச் சொல்லி மேலாளர் கேட்டதில்லை. இப்படியாக ஒரு பெண்மணியின் உத்தியோகம் ஒரு பழைய காரின் கியர்ப் பெட்டிக்குள் போய் மாட்டிக்கொண்டது.

மேலாளர் தாமதிக்கவில்லை. அன்றே அலுவலகத்தில் அவசரக் கூட்டம் கூட்டினார். கலந்துகொண்டவர்களில் எவருக்கும் சொந்தக் கார் கிடையாது. ஆகவே யாருடைய கருத்திலும் அனுபவத்தின் குறுக்கீடு இல்லை.

"கியர் எண்ணெய் கெட்டியாயிருக்கும் சார்" என்றார் கணக்காளர். "காலைல எந்திரிக்கும்போது எனக்கே முழங்கால் அப்படித்தான் இருக்கு."

"கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கலாம் சார்" என்றார் தட்டச்சு செய்யும் பெண்.

"ஆமா சார்" என்றார் ஆமாஞ்சாமி.

"ரெண்டுல எதுக்கு ஆமா?"

"நீங்க எதச் சொல்லப் போறீங்களோ அதுக்கு சார்."

கூட்டம் கலையும் நேரத்தில் தட்டச்சுப் பெண் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், மேடம் போட்டா மட்டும் எப்படி சார் விழுது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி கூட்டத்தின் வரம்புக்குள் வராததால் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

அடுத்து மெக்கானிக். கடையாள் ஒருவர் வந்து காரை எடுத்துப் போயிருந்தார். கடைக்குள் ஒரு கார் அந்தரத்தில் நின்றது, இன்னொன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தபடி வந்து, அந்தத் தொழிலின் முதல் மந்திரத்தைச் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி யாரு சார் இதுல கை வெச்சது?"

"நீங்கதான்."

"அப்ப நல்லாத்தான் செஞ்சிருப்பேன்."

எண்ணெயை மாற்றினார். தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கியர் இரண்டு விரலுக்கு விழுந்தது. பிறகு மேலாளர் ஏறினார். 'கர்ர்ர்'. மறுநாள் கிளட்ச் கேபிள் புதிதாயிற்று. மெக்கானிக் கைக்கு வழுக்கிக்கொண்டு போனது, மேலாளர் கைக்குக் 'கர்ர்ர்'. கம்பிக்கு அடியில் தேய்ந்திருந்த புஷ் என்னும் ரப்பர் வளையங்களை மாற்றினார்கள். கிளட்ச் மிதிக்குக் கீழே மடிந்து கிடந்த மிதியடியை உருவி எறிந்தார்கள். மேலாளரின் கை பட்டதும் கார் தன் கொள்கையை விட்டுக்கொடுக்காமல் 'கர்ர்ர்' என்றது.

"என் கைக்கு நல்லாத்தான் சார் விழுது."

"உங்க கைக்கு விழுந்து என்ன பிரயோஜனம்? ஓட்டறது நானாச்சே."

"அதுவும் சரிதான் சார். வண்டி பழசு பாருங்க" என்றார் மெக்கானிக். தினமும் வரும் வாடிக்கையாளரை நட்டாற்றில் விட மனம் வராத நல்ல மனிதர் அவர்.

வீட்டில் ஒவ்வொரு மாலையும், "என்ன ஆச்சுங்க?" என்று வீட்டம்மா கேட்பார். "விசாரணை நடக்குது" என்பார் மேலாளர். கேபிள் மாற்றிய அன்று, கியர் மறுபடியும் உறுமியபோது, தமக்குள் ஏமாற்றத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன நிம்மதியும் உட்கார்ந்திருப்பதை அவர் கண்டார். அந்த நிம்மதியைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை. வந்த கோப்புகளையெல்லாம் மூடி வைத்துப் பழகியவர், அதையும் மூடி வைத்தார்.

மாதக் கடைசி நாள் மெக்கானிக் கையை விரித்தார்.

"கியர்ப் பெட்டியையே இறக்கிப் பிரிச்சிடுவோம் சார். பதினஞ்சு நாள் ஆகும்."

"அதுதான் முறை" என்றார் மேலாளர், கொஞ்சம் வேகமாகவே. பதினைந்து நாளில் ஒன்றாந்தேதி போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது என்று சொல்ல நமக்கு ஆசைதான்.

அந்த நேரம் பார்த்து வீட்டம்மா கடைக்கே வந்துவிட்டார். "இறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நானும் கூட வந்து பாக்கறேனே" என்று சொல்லி, கேட்காமலே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் பின்னால் ஏறிக்கொண்டார்.

"ஒண்ணு!" என்றார் மேலாளர். முட்டியில் ஒரு தட்டு. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. "ரெண்டு!" தட்டு. விழுந்தது. "மூணு!" தட்டு. விழுந்தது. பின்னாலிருந்து மெக்கானிக்கின் தலை இரண்டு இருக்கைக்கும் நடுவில் மெல்ல முளைத்தது.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. எதுக்கு சாரோட முட்டியத் தட்டறீங்க?"

"தட்டினாத்தான் கிளட்ச்ச அடிவரைக்கும் அமுக்குவாரு. இல்லன்னா பாதியோட நிறுத்திடுவாரு, கியர் கர்ர்ருன்னும்."

கார் ஓடிக்கொண்டிருந்தது. காருக்குள் மற்றதெல்லாம் நின்றுவிட்டது.

"அது..." என்று மேலாளர் இழுத்தார். "அது பாசம் இல்லையா?"

"பாசம் இல்லாமலா இத்தன வருஷம் தட்டிட்டிருந்தேன்?"

"வாயால சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. 'எனக்கே கிளட்ச் சொல்லித் தரியா'ன்னு அன்னிக்குப் பூரா முகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டீங்க. தட்டினா சந்தோஷப்பட்டீங்க. சரின்னு தட்டிட்டேன்."

மெக்கானிக் ஜன்னல் வழியாக ஒரு சுவரை மிகுந்த கவனத்தோடு பார்க்கத் தொடங்கினார். மேலாளர் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் தட்டாமல், மிதியைத் தரைவரை அமுக்கினார். கியர்க் கம்பியைத் தோன்றிய பக்கம் இழுத்தார். மூன்றிலிருந்து இரண்டுக்கு, வெண்ணெய்க்குள் கரண்டி இறங்குவதுபோல இறங்கியது. அந்தக் கணத்தில் அவருக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"அப்ப நாளைக்கு நான் சேரலாமில்ல?" என்றார் வீட்டம்மா.

நியாயமாகப் பார்த்தால் இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. ஆனால் நிர்வாகத்தில் ஊறிய நாக்கு முந்திக்கொண்டது.

"இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. மழை நாள்ல எப்படி விழுதுன்னு பாத்துட்டா..."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. வீட்டம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மேலாளருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"நீங்க இத்தன நாளாத் தேடினது கோளாற இல்லீங்க. ஒரு சாக்கத்தான்" என்றார். கையைக் கியரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. கார் மெக்கானிக்கைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, வழி முழுக்க இரண்டாம் கியரிலேயே கதறிக்கொண்டு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை வேன் வந்தது. வீட்டம்மா அழுத்தித் தேய்த்த வெள்ளைக் கோட் ஒன்றை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஏறினார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மேலாளருக்கு அது சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

பிறகு தனியாகக் காரில் ஏறினார். கிளட்ச்சைத் தரைவரை அமுக்கினார். அதில் இனி ஒரு குறையும் இல்லை. கம்பியைத் துழாவிப் பிடித்த ஏதோ ஒரு கியரில் எப்படியோ குலுங்கிக் குலுங்கிக் கடைத்தெருவின் பெரிய சந்திப்பு வரை வந்துவிட்டார். அங்கே சிவப்பு விளக்கு விழுந்தது. நின்றார். பச்சை விழுந்தது. "ஒண்ணு!" என்றார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அப்போதுதான் அவருக்கு ஓர் உண்மை உறைத்தது. இத்தனை வருடமாக அவருக்குத் தெரிந்ததெல்லாம் கியர்களின் பெயர்கள்தான். அவை எந்தப் பக்கம் குடியிருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. தோதாகத் தோன்றிய ஒரு மூலைக்குத் தள்ளினார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. இன்னொரு மூலை. இன்னொரு குலுக்கல். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஒரே குரலில் அவரை விசாரிக்கத் தொடங்கின.

போக்குவரத்துக் காவலர் வந்து ஜன்னலில் தட்டினார்.

"என்ன சார், வண்டி கோளாறா?"

எண்ணெய், கேபிள், புஷ், மிதியடி என்று எல்லாச் சொற்களும் மேலாளரின் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. அவர் ஒவ்வொன்றாக விழுங்கினார்.

"வண்டில ஒண்ணுமில்லீங்க. நல்ல வண்டி."

"அப்ப எடுக்க வேண்டியதுதான? எத்தன நாளா ஓட்டறீங்க?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து."

காவலரின் முகம் மாறியது. "லைசென்ஸ எடுங்க" என்றார். மேலாளர் எடுத்துக் கொடுத்தார். காவலர் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடியே வாங்கியிருக்கீங்க? அப்ப இத்தன வருஷம் யாரு ஓட்டினது?"

"எங்க வீட்டம்மாங்க" என்றார் மேலாளர். "லைசென்ஸ் மட்டும் நான் என் பேர்ல வாங்கிக்கிட்டேன்."